சம்பந்திக்கு எந்தப் பூச்சி ஆகும்?

1

இந்த ஆடியோடு நான் மெல்போர்னுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. அதைச் சொல்லலாமே என்று சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் இருக்கும் குருசாமிக்குப் போன் போட்டேன். நானும் அவனும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் போர்மேன், அவன் பேக்கிங். நான் ஓய்வு பெற்றேன். அவன் இன்னும் பெறவில்லை. சீசன் வந்துவிட்டால் கூப்பிடாமலே போய் நின்றுவிடுவான்.

"ஏலே சுப்பையா, அங்கன ஒனக்கு என்னலே சோலி?" என்று கேட்டான்.

"ஓணானுக்குப் பூச்சி பொறுக்குறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. பிறகு, "வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டவன் கதை கேட்ருக்கேன். அதுக்குப் பிளேன் டிக்கெட் போட்டுப் போனவன் நீ ஒருத்தந்தாம்லே" என்றான்.

"டிக்கெட் எம் மகன் போட்டது" என்றேன்.

சிரிக்கட்டும். காரியாபட்டிப் பக்கத்துப் பருத்திக் காட்டிலிருந்து விருதுநகருக்குப் படிக்கப் போய், வேதியியலில் பட்டம் வாங்கி, வெடிமருந்தோடு முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன், கடைசியில் ஓணானுக்குத் தீனி போடுகிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கு அதில் வெட்கமில்லை. வெட்கப்படவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது வேறு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இங்கே இதற்குத் தாடி டிராகன் என்று பெயர். நம் கரட்டோணானின் பங்காளி. அதைவிடப் பருத்தது, சாதுவானது. கோபம் வந்தால் தொண்டையை உப்பி, தாடியைக் கறுப்பாக்கிக்கொள்ளும். என் பேத்தி மீனா பிறந்தநாளுக்குக் கேட்டு வாங்கியது. அவள் வைத்த பெயர் ரஸ்டி. நான் வைத்த பெயர் சம்பந்தி. கொஞ்சம் குறை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தட்டில் எது விழுகிறது என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும், பிடிக்காவிட்டால் தொடாது. வேறென்ன பெயர் வைப்பது?

இதை வளர்க்க அரசாங்கத்திடம் உரிமம் வாங்கவேண்டும். இந்த ஊர் விலங்காம், காட்டிலிருந்து பிடித்ததில்லை என்று காட்டவேண்டுமாம். மகன் முருகேசன் விண்ணப்பத்தை நிரப்பும்போது, "இதுக்கு முன்னாடி ஏதாவது லைசென்ஸ்ல அனுபவம் இருக்கான்னு கேட்டா என்னயப் போடுலே. வெடிமருந்து லைசென்ஸ் புதுப்பிக்க வருசாவருசம் அலைஞ்சவன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. இந்த நாட்டில் விண்ணப்பம் நிரப்பும்போது யாரும் சிரிப்பதில்லை.

2

சம்பந்திக்கு எந்தப் பூச்சி ஆகும், எது ஆகாது என்பது பெரிய சாஸ்திரம். மீனா நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகம் சொல்வதற்கு எதிராக ஏதாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் விதி மீனா சொன்னது. "தாத்தா, அவனோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல எம்புட்டு எடமோ, பூச்சி அதவிடப் பெருசா இருக்கக் கூடாது."

"ஏன், மென்னு திங்க மாட்டாரா?"

"மாட்டான். முழுங்கிருவான். மாட்டிக்கும்."

இதை நான் ஒப்புக்கொண்டேன். தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளி, கம்பளிப்பூச்சி எதையும் போடக்கூடாது என்ற விதியைக் கேட்டதும் புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன மருந்து அடிக்கிறார் என்று யார் கண்டது? பருத்திக்கு மருந்தடித்த மறுநாள் வரப்பில் செத்துக் கிடக்கும் மைனாக்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதைப் புத்தகம் சொல்லவேண்டியதில்லை. மின்மினியைப் போட்டால் ஒன்றே போதும், ஓணான் செத்துவிடும் என்றும் படித்தேன். அது எனக்குப் புதிது. மழை பெய்த மறுநாள் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்ற ஊர்க்காரன் நான். மின்மினியை ஒருவரும் தின்று பார்க்கவில்லை.

சண்டை வந்தது சிள்வண்டில்தான். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள். வாங்கி வந்த மூன்றாம் நாள் பாதி செத்துக் கிடக்கும். பட்டினிப் பூச்சியைப் போட்டால் ஓணானுக்கு என்ன சேரும்? பூச்சி தின்றதைத்தானே ஓணான் தின்கிறது? நாமே வளர்ப்போம் என்றேன். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் முட்டை அட்டைகள், குடிக்கத் தண்ணீருக்குப் பதில் கேரட் துண்டு, பூசணித் தோல், கீரைத்தண்டு. ஒரே மாதத்தில் கொட்டகை முழுக்கச் சிள்வண்டுக் கச்சேரி. மருமகள் சுதா துணி எடுக்கப் போனால் காதைப் பொத்திக்கொண்டு போவாள்.

"மாமா, நம்ம வீட்ல நாலு பேர் இருக்கோம். அதுக ஆயிரம் இருக்குக. வாடகை வாங்குங்க" என்றாள்.

பூச்சியைப் போடுவதற்கு முன் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டவேண்டும். ஒரு பையில் பொடியையும் பூச்சியையும் போட்டு மெல்லக் குலுக்கினால் போதும், ஒவ்வொன்றும் திருநீறு பூசிக்கொண்டு புறப்படும். தின்னாமல் மிச்சம் விட்டதை எடுத்துவிடவேண்டும். விட்டுவைத்தால் தூங்கும் ஓணானைச் சிள்வண்டு கடிக்கும். இதையெல்லாம் நானும் மீனாவும் சேர்ந்து செய்தோம். ஐந்து வருடத்தில் இந்த ஊரில் நான் ஓர் ஆளோடு சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

3

மீனா தமிழ் பேசுவது என்னால் என்றுதான் நினைக்கிறேன். அவள் அப்பனும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள்; ஓணான் விஷயம் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. ஓணானுக்கு ஆங்கிலத்தில் பேசுவாள், எனக்குத் தமிழில் சொல்வாள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள் 'எம்புட்டு', 'அங்கன' என்று பேசியதை ஆசிரியை திருத்தினாராம். "எழுதும்போது 'எவ்வளவு'ன்னு எழுதட்டும், தப்பில்ல" என்று நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "பேசும்போது எங்க ஊரு மாதிரித்தான் பேசுவா. இந்தப் பிள்ள தமிழ் பேசுறதே அதிசயம். அதுலயும் எந்த ஊரு தமிழ்னு தேர்வு வைக்காதீங்க." ஆசிரியைக்கு முகம் சுருங்கிவிட்டது. முருகேசன் காரில் தலையில் அடித்துக்கொண்டான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் இருந்த பாலம் ஓணானும் அதன் பூச்சிகளும்தான். அதை நானே உடைக்கப் பார்த்தேன்.

4

சம்பந்தியின் கூண்டு மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. உள்ளே மேலே ஒரு சூட்டு விளக்கு. ஓணானுக்குச் சொந்த உடம்பில் சூடு கிடையாது. வெயில் காய்ந்தால்தான் சீவனம். பகல் முழுக்க அந்த விளக்கு எரியவேண்டும். கையை அருகில் கொண்டுபோனால் அடுப்புப் பக்கம் நிற்பதுபோல் இருக்கும். பெட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் திரை. தரையில் கம்பளம்.

காலையில் எல்லோரும் போனபின் நானும் வெளியே புறப்படுவேன். பூங்காவில் என்னைப்போல் மகன் வீட்டுக்கு வந்த கிழவர்கள் நாலைந்து பேர் கூடுவோம், மத்தியானம்வரை பேச்சு. புறப்படும்போது விளக்கை அணைத்துவிடுவேன். மீனா பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன் திரும்பி வந்து போட்டுவிடுவேன்.

ஏன் அணைத்தாய் என்று சிவகாசிப் பக்கத்து ஆள் ஒருவர்கூடக் கேட்கமாட்டார். எங்கள் கம்பெனியில் மருந்து கலப்பதைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடிப்போம். வெயில் ஏறினால் நிறுத்திவிடுவோம். கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. பசை காய்ச்சும் அடுப்பை விட்டு ஆள் நகரக் கூடாது. நகரவேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் நகரவேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் நான் அறை அறையாகப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். சூடாக எதையும் பின்னால் விட்டுவிட்டுப் போவதில்லை. இது பயமில்லை, ஒழுக்கம். அந்த ஒழுக்கம் தவறிய இன்னொரு கம்பெனிக்கு, தவறிய அன்று சாயங்காலம் நான் போயிருக்கிறேன். வேப்பமரக் கிளையில் சாப்பாட்டுத் தூக்குவாளிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. எடுக்க ஆள் வரவில்லை. இதற்குமேல் அதைப்பற்றி எழுதமாட்டேன்.

கொட்டகையில் சிள்வண்டுத் தொட்டிக்கு அடியில் வெப்பத் தட்டு வைக்கவேண்டும் என்று மீனா கேட்டபோதும் இதே காரணத்தால் மறுத்துவிட்டேன். ஆளில்லாத கொட்டகையில், பெட்ரோல் நாற்றமடிக்கும் இடத்தில் வெப்பத் தட்டா?

கோடையில் ஒன்றும் ஆகவில்லை. வீடே சூடாக இருந்தது. ஜூன் பிறந்து இந்த ஊர்க் குளிர் இறங்கியதும் முதலில் சிள்வண்டுகள் குஞ்சு பொரிப்பதை நிறுத்தின. பிறகு செத்தன. கச்சேரி ஓய்ந்தது. வேறு வழியில்லாமல் மீனா கடையில் மாவுப்புழு வாங்கி வந்தாள். தவிட்டில் வளரும் மஞ்சள் புழு, மேல்தோல் கெட்டி. சம்பந்தி ஆசையாய்த் தின்றது. ஒரு வாரத்தில் தின்பதை நிறுத்தியது.

காட்டுக் கரப்பான் வாங்கினோம், தொடவில்லை. சின்னச் சிள்வண்டு வாங்கினோம். முதுகில் ஏறி விளையாடியது, சம்பந்தி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தாடி கறுத்தே கிடந்தது. எந்தப் பூச்சி சரியில்லை என்று நானும் மீனாவும் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். அதுவரை எனக்கு உண்மையாகவே தெரியாது.

5

ஊர்வன பார்க்கும் வைத்தியர் ஓர் இளம்பெண். சம்பந்தியைத் துணியில் பொதிந்து மீனா மடியில் வைத்துக்கொண்டாள். முருகேசன் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தான். வைத்தியர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். உள்ளே தின்றது செரிக்காமல் கட்டி நிற்கிறது என்றார்.

"பகல் முழுக்க விளக்கு எரிகிறதா? சூடு இல்லையென்றால் இவற்றுக்குச் செரிக்கவே செரிக்காது. வயிற்றிலேயே அழுகிவிடும்" என்றார்.

"எரியுது. ஸ்கூல் போறதுக்கு முன்னாடி நான் போடுவேன். வரும்போதும் எரிஞ்சுட்டுத்தான் இருக்கும். எப்பவும்" என்றாள் மீனா. ஆங்கிலத்தில்தான் சொன்னாள். குரலில் அவ்வளவு உறுதி.

நான் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

அப்படியென்றால் மாவுப்புழுதான் காரணமாக இருக்கலாம், தோல் கெட்டி, அளவுக்கு மேல் போட்டிருக்கலாம் என்றார் வைத்தியர். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து வயிற்றைத் தடவிவிடச் சொன்னார். ஒரு வாரத்தில் கழியாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார்.

காரில் முருகேசன் மகளைப் பிடித்துக்கொண்டான். "சிள்வண்டு பிடிச்சுப் போடச் சோம்பேறித்தனம். டப்பாவுல இருந்து அள்ளிக் கொட்டியிருக்க."

"அளந்துதான்ப்பா போட்டேன். ரெண்டு கண்ணுக்கு நடுவுல..."

"வாயில்லாச் சீவன வச்சு விளையாடாத. சனிக்கிழமைக்குள்ள தேறலன்னா வளர்க்கத் தெரிஞ்சவங்கட்டக் குடுத்துருவேன். லைசென்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மீனா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாவுப்புழு டப்பாவைக் குப்பையில் கொட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "தாத்தா, மெத்துன்னு இருக்குற பூச்சி எது? பட்டுப்புழு சரியா இருக்குமா?" என்று கேட்டாள்.

காரணம் எது என்று எனக்குத் தெரிந்த பிறகும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். பட்டுப்புழு நல்லது, தோல் மெல்லியது, நீர்ச்சத்து உண்டு என்று விளக்கினேன். அது தின்னும் முசுக்கட்டை இலை, மல்பெரி என்பார்களே, அது எங்கே கிடைக்கும் என்றுகூட யோசனை சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அதைவிட மோசமானது அடுத்த நாள். எல்லோரும் போனபின் விளக்கு முன்னால் நின்றேன். அணைக்கக் கூடாது என்று தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலைப் பூட்டினேன். தெருமுனைவரை போனேன். திரையும் கம்பளமும் மரப்பெட்டியும் கண்ணுக்குள் நின்றன. திரும்பி வந்து அணைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போனேன். அன்றைக்கு அங்கே என்ன பேசினோம் என்று நினைவில்லை. மீனா வருவதற்கு முன் வந்து போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்வதற்கு அந்த ஒரு நாள் எனக்கு இடம் வைக்கவில்லை.

வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இருந்திருந்தால் பூங்காவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள், சொல்லவேண்டி வரும். அவ்வளவுதான். பிள்ளை திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, கிழவன் மானம் போகக்கூடாது.

6

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் முருகேசன் யாருக்கோ போன் போட்டு, மறுநாள் காலை ஓணானைக் கொண்டுவருவதாகச் சொன்னான். மீனா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கூட வரலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"புழுவுல தப்பு இல்ல. வெளக்க நாந்தான் அணைச்சேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். தினமும் வெளியே போகும்போது அணைத்ததை, அவள் வருவதற்கு முன் போட்டதை, வைத்தியர் சொன்ன மறுநாளும் அணைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்ப்பா இப்பிடிச் செஞ்சீக?" முருகேசனுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"தீய விட்டுட்டு வெளிய போக எனக்கு வராதுலே."

"அது தீ இல்லப்பா. பல்பு."

"சூடு சூடுதான்."

"தெர்மோஸ்டாட் இருக்கு. புகை வந்தா அலாரம் அடிக்கும். நாடு பூராவும் இப்பிடித்தான் போட்டுட்டுப் போறாக."

"போகட்டும். அலாரம் அடிக்கிறது தீப் புடிச்ச பொறவுதான? நா செஞ்சது தப்பு. பிள்ளையத் திட்டு வாங்க விட்டேனே, அது பெரிய தப்பு. அதுக்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். ஆனா ஆளில்லாத வீட்ல சூட்ட விட்டுட்டுப் பூட்டிட்டுப் போறது சரின்னு என் வாயால வராது. செத்தாலும் வராது."

"அப்ப இனிமே நீங்க அந்தக் கூண்டுப் பக்கமே போகவேண்டாம்ப்பா. நான் பாத்துக்கிறேன்" என்றான். அதில் மரியாதைதான் இருந்தது. வயசானவரிடமிருந்து கத்தியை வாங்கி வைக்கிற மரியாதை.

"நீ பாக்க மாட்ட. ஆபீஸ்ல இருப்ப" என்றேன்.

சுதா குறுக்கே வந்து, "மாமாவ விடுங்க, சொல்லிட்டார்ல" என்றாள். பிறகு போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். நாளைக்கு வரவில்லை என்று அவன் சொல்லும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மீனா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்ச் சம்பந்தியைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனபோது, "நீங்க வேண்டாம்" என்றாள். தமிழில் சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் கொஞ்சம் குறைவாக வலித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் அடுக்களை நாற்காலி ஒன்றைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். கூண்டுக்கு எதிரில் போட்டாள்.

"தாத்தா, ஆள் இல்லாம வெளக்கு எரியக் கூடாதுன்னுதான சொன்னீக?"

"ஆமா."

"அப்ப ஆள் இருங்க."

7

இருக்கிறேன். காலையில் அவர்கள் போனதும் நாற்காலியில் உட்கார்ந்தால் மீனா வரும்வரை. ஜன்னல் திரையைக் கழற்றச் சொன்னேன், கழற்றிவிட்டார்கள். கம்பளத்தைச் சுருட்டச் சொன்னேன், சுருட்டினார்கள். முருகேசன் ஒரு டைமர் வாங்கி வந்தான். அது பெட்டியிலேயே கிடக்கிறது. பூங்காவுக்கு இப்போது சாயங்காலம் போகிறேன். அந்த நேரத்துக்கு மற்றவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். தனியாக நடந்துவிட்டு வருகிறேன்.

கொட்டகைத் தொட்டியையும் உள்ளே கொண்டுவந்து, புதுச் சிள்வண்டுகளை விட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அடியில் வெப்பத் தட்டோடு. நான் இருக்கும்வரை தட்டு எரியும். சுதா வாடகையைப்பற்றி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

சம்பந்திக்கு நாலைந்து நாள் கழித்து வயிறு இறங்கியது. வீடே நாறியது. மீனா கைதட்டினாள். அதற்குப் பிறகு ஒரு பட்டுப்புழு தின்றது. மறுநாள் இரண்டு. மாவுப்புழு இந்த வீட்டுக்குள் இனி வராது. அதன்மேல் குற்றமில்லை என்று தெரிந்தும் மீனா அதை மன்னிக்கவில்லை. என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.

குருசாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஓணானுக்கு வாட்ச்மேனா?" என்றான். "ஆமாம்லே. நீ அங்கன பசை அடுப்புப் பக்கத்துல ஆள் இருக்கானான்னு போய்ப் பாரு" என்றேன். பார்த்துவிட்டு வந்து பேசினான்.

மீனா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை இறக்குவதற்கு முன் கூண்டுக் கதவைத் திறக்கிறாள். விளக்குக்குக் கீழே இருக்கும் தட்டைக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். விளக்கைக் கடைசி நேரத்தில் போட்டிருந்தால் விளக்கின் மூடி சுடும், கல் சுடாது. அது அவளுக்குத் தெரியும். "இன்னைக்கு எரிஞ்சுச்சா தாத்தா?" என்று என்னிடம் கேட்பதே இல்லை. நானும் அவளுக்குச் சொல்வதில்லை. அவள் கையை வைத்து எடுக்கும்வரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.